சொரியாசிஸ்: சாப்பாடும் பழக்கமும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

செஞ்சி, திண்டிவனம், வல்லம் பக்கம் வயல் வேலைக்குப் போறவங்கள்ல சிலரைக் கவனிச்சிருப்பீங்க. சித்திரை வெயில்லயும் முழுக்கைச் சட்டையை மடக்காம இருப்பாங்க. கல்யாண வீட்டுப் பந்தியில ஒரு ஓரமா உட்காருவாங்க. முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளி மாதிரி செதில் உதிரும் படை இருக்கும். "இன்னா இது, ஒட்டுமா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம்.

இந்தத் தோல் நோய்க்கு சொரியாசிஸ் என்று பெயர். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். போனைத் திறந்தால் இதற்கு நூறு வைத்தியம் வந்து நிற்கிறது. "இந்த இலையை அரைச்சுப் பூசுங்க", "இந்த ஒரு உணவை நிறுத்துங்க, 15 நாள்ல காணாமப் போயிடும்" என்று வீடியோ மேல் வீடியோ. எதை நம்புவது?

நேரடியாகச் சொல்லிவிடுகிறோம். சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாற்றினால் பலருக்கு சொரியாசிஸ் ஓரளவு அடங்கலாம், அடிக்கடி கிளம்புவதும் குறையலாம். ஆனால் அவை மருந்துக்குத் துணையாக நிற்பவை. மருந்தின் இடத்தில் அவற்றை வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தால் தோலோடு மூட்டும் கெட்டுப்போகலாம். எது எந்த அளவுக்கு உதவும், எங்கே கவனமாக இருக்க வேண்டும், நம் மாவட்டத்தில் யாரிடம் போய்க் காட்டலாம் என்பதை இந்தப் பாடத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் தோலின் அடியில் புதிய செல்கள் உருவாகி, மெல்ல மேலே வந்து, நமக்கே தெரியாமல் உதிர்ந்துவிடும். இதற்குச் சாதாரணமாக ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ளவருக்கு இதே வேலை ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பழைய செல் உதிர்வதற்குள் புதிய செல் வந்து மேலே அடுக்கடுக்காகச் சேர்கிறது. அதுதான் தடிப்பு, அதுதான் செதில்.

இந்த அவசரம் எதற்கு? உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி, எதிரியே இல்லாத இடத்தில் சண்டைக்குக் கிளம்பிவிடுகிறது. அதனால் தோலில் அழற்சி உண்டாகி, செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. "ரத்தம் கெட்டுப்போச்சு" என்று சொல்வது சரியல்ல. அழுக்காலோ, குளிக்காததாலோ, யார் விட்ட சாபத்தாலோ வருவதும் அல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் குறைந்தது 10 கோடி பேருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொல்கிறது. இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் 0.44 முதல் 2.8 சதவீதம் பேர் வரை என்று கணக்கு வந்திருக்கிறது. ஆயிரம் பேர் உள்ள ஒரு கிராமத்தில் நாலு பேருக்காவது இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் தனி ஆள் இல்லை.

ஒட்டுமா? ஒட்டவே ஒட்டாது

தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே துண்டில் துடைத்தாலும், ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. கணவன் மனைவியாக வாழ்வதாலும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வராது. குழந்தையைத் தூக்கலாம், தாய்ப்பால் கொடுக்கலாம்.

பரம்பரைத் தொடர்பு உண்டு என்பது உண்மை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஆனாலும் அப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. பெண் பார்க்கும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும் இதை மறைக்க வேண்டாம். அதே நேரம், இந்தக் காரணத்துக்காக ஒரு சம்பந்தத்தை முறிக்கவும் வேண்டாம்.

2014-ல் உலக சுகாதார மாநாடு சொரியாசிஸுக்கென்றே ஒரு தீர்மானம் போட்டது. நோயாளிகள் ஊரில் ஒதுக்கப்படுவதையும் நாடுகள் கவனிக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான செய்தி. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 29 உலக சொரியாசிஸ் தினம்.

சொரியாசிஸ்தானா? முதலில் உறுதி செய்யுங்கள்

தோலில் வரும் படை எல்லாமே சொரியாசிஸ் இல்லை. நம் ஊரில் அடிக்கடி குழப்பம் வரும் மூன்றையும் பாருங்கள்.

சொரியாசிஸ்: முழங்கை, முழங்கால், தலை, கீழ்முதுகு ஆகிய இடங்களில் அதிகம் வரும். எல்லை தெளிவாகத் தெரியும் சிவந்த தடிப்பு, அதன் மேல் வெள்ளைச் செதில். கருத்த தோலில் சிவப்பு தெரியாமல் கருநீலமாகவோ பழுப்பாகவோ தெரியலாம். நகத்தில் குண்டூசியால் குத்தியது போலச் சிறு குழிகள் இருக்கலாம்.

படர்தாமரை: வட்டமாகப் பரவும். ஓரம் தடித்து, நடுவில் தெளிந்திருக்கும். தொடை இடுக்கு, இடுப்பில் அதிகம். அரிப்பு தாங்காது. இது பூஞ்சைத் தொற்று, வீட்டில் மற்றவர்களுக்கும் ஒட்டும்.

தொழுநோய்: நிறம் மங்கிய தேமல் போல இருக்கும். அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். அரிப்பு பெரும்பாலும் இருக்காது. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், முழுமையாகக் குணமாகும்.

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு களிம்பு போட்டால் பூஞ்சை இன்னும் பரவும். அதனால் "பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட களிம்பு" நமக்கு வேண்டாம். முதல் வேலை, ஒரு மருத்துவரிடம் தோலைக் காட்டுவது.

எது கிளப்பிவிடுகிறது?

சொரியாசிஸ் சில மாதம் அடங்கிக் கிடக்கும், பிறகு திடீரென்று கிளம்பும். கிளப்பிவிடும் காரணம் ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாகப் பார்ப்பவை இவை.

காயமும் உரசலும்: தோலில் கீறல் விழுந்த இடத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் புதுப் படை வரலாம். கரும்பு வெட்டும்போது சோகை கீறிய கோட்டிலேயே படை வருவது இதனால்தான். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் இடம், அரைஞாண் கயிறு உரசும் இடம், இறுக்கமான வளையல், பச்சை குத்திய இடம் எல்லாமே இந்தக் கணக்குதான். வயலில் முழுக்கைச் சட்டை போடுங்கள், நாடாவைத் தளர்த்துங்கள். மேல்மலையனூருக்கோ மயிலத்துக்கோ போய் மொட்டை போடுவதாக வேண்டுதல் இருந்தால், படை அதிகமாக இருக்கும் நாளில் வேண்டாம், அடங்கியிருக்கும்போது போடுங்கள். "அண்ணே, கத்தி படாம மெதுவா எடுங்க, இது ஒட்டாது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தொண்டைப் புண்: ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டை வலிக்குப் பிறகு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும், மழைத்துளி தெளித்தது போல உடம்பெல்லாம் சிறு படைகள் வரலாம்.

சில மருந்துகள்: ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள், மனநலத்துக்குத் தரும் லித்தியம், மலேரியாவுக்கான சில மருந்துகள். இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. "எனக்கு சொரியாசிஸ் இருக்கு" என்று மருத்துவரிடம் சொன்னால் போதும், அவர் பார்த்து மாற்றித் தருவார்.

இவை தவிர மது, புகை, கூடுதல் எடை, மன அழுத்தம், தூக்கக் குறைவு. இந்த ஐந்தும் நம் கையில் இருப்பவை. உணவு, வாழ்க்கை முறை என்று பேசும்போது இவற்றைத்தான் பிடிக்க வேண்டும்.

சாப்பாடு: ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் தேசிய சொரியாசிஸ் அறக்கட்டளை உணவு பற்றிய 55 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, 2018-ல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. அதில் உறுதியாகச் சொன்னது ஒன்றுதான். எடை கூடுதலாக உள்ளவர்கள் கலோரியைக் குறைத்துச் சாப்பிட்டு எடையைக் குறைக்க வேண்டும். கோதுமையை நிறுத்துவது, பரிசோதனையில் அதற்கான ஒவ்வாமை தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். எல்லாரும் சப்பாத்தியை விட வேண்டியதில்லை.

எடைக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்? வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அது ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். எரியும் அடுப்பில் விறகு தள்ளுவது போல. 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே அது 5 சதவீதம். அந்த அளவிலிருந்தே பலன் பார்க்கத் தொடங்கலாம். சாப்பிடும் மருந்தும் பூசும் மருந்தும் அப்போது நன்றாக வேலை செய்யும்.

இதற்குப் புதுசாக எதையும் கடையில் வாங்க வேண்டாம். நம்ம ஊர் சாப்பாட்டிலேயே செய்யலாம்.

டீயிலிருந்து ஆரம்பிங்க: ஒரு நாளைக்கு 5 டீ, ஒவ்வொன்றிலும் 2 டீஸ்பூன் சர்க்கரை என்றால் 10 டீஸ்பூன். கிட்டத்தட்ட 40 முதல் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கச் சேர்த்துச் சொல்லும் மேல் வரம்பே ஏறத்தாழ 50 கிராம்தான், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 5 டீயை 2 ஆக்குங்கள், சர்க்கரையைப் பாதியாக்குங்கள். கூடவே வரும் பிஸ்கட்டும் பஜ்ஜியும் தானாகக் குறையும்.

தட்டைத் திருப்பிப் போடுங்கள்: சோறு மலை, காய் ஓரம் என்பது நம் பழக்கம். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன் என்று மாற்றுங்கள். முருங்கைக்கீரை வீட்டுக் கொல்லையிலேயே இருக்கும். மற்ற காய்களுக்கு உழவர் சந்தை இருக்கிறது.

மீன்: மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் உள்ள கொழுப்பு இதயத்துக்கு நல்லது, அழற்சிக்கும் எதிரானது. வாரத்துக்கு இரண்டு நாள் குழம்பாக வைத்துச் சாப்பிடலாம். எண்ணெயில் பொரித்தால் பாதிப் பலன் போய்விடும்.

வேர்க்கடலை: நம் பக்கத்துப் பயிர். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகங்களுக்கு டிஎம்வி என்று பெயர் வைக்கும் அளவுக்கு நம் மண்ணோடு சேர்ந்தது. ஒரு கைப்பிடி வேகவைத்துச் சாப்பிடலாம். வறுத்து, உப்பும் மிளகாயும் போட்டு, ஒரு பொட்டலம் முழுக்கக் காலி செய்வது வேறு கதை.

மது: இதில் சலுகையே கிடையாது. மது சொரியாசிஸைக் கிளப்பும், மருந்தின் பலனைக் குறைக்கும். இந்த நோய்க்குத் தரும் சில மாத்திரைகளோடு சேர்ந்தால் கல்லீரலைக் கெடுக்கும். பீடி, சிகரெட்டும் அப்படித்தான்.

"கரப்பான் பண்டம்" எல்லாவற்றையும் விட வேண்டுமா?

கத்தரிக்காய், கருவாடு, கம்பு, சோளம் போன்றவற்றைக் கரப்பான் பண்டம் என்று சொல்லி, தோல் நோய்க்காரர்களுக்குப் பெரியவர்கள் தர மாட்டார்கள். சித்த மருத்துவத்திலும் பத்தியம் உண்டு. சித்த மருத்துவரிடம் சிகிச்சையில் இருந்தால், மருந்து சாப்பிடும் காலத்துக்கு அவர் சொல்லும் பத்தியத்தை அப்படியே பின்பற்றுங்கள்.

சிகிச்சை இல்லாமல், கேள்விப்பட்டதை எல்லாம் நீங்களே நிறுத்துவதில்தான் சிக்கல். கத்தரிக்காய், மீன், முட்டை, தக்காளி, பால் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போனால் கடைசியில் தட்டில் சோறும் ரசமும்தான் மிஞ்சும். அப்புறம் ரத்தசோகை வரும், உடம்பு தளரும். வளரும் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இப்படிச் செய்யவே கூடாது.

சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை. ஒரே ஒரு பொருளை மட்டும் 4 வாரம் நிறுத்துங்கள். படையில் மாற்றம் உண்டா என்று பாருங்கள். பிறகு அதையே மறுபடி சாப்பிட்டுப் பாருங்கள். சாப்பிட்டதும் கிளம்பினால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஒன்றும் ஆகவில்லை என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

குளியல், எண்ணெய், வெயில்

கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்தால் அந்த நேரத்துக்கு அரிப்பு அடங்கும், பிறகு தோல் வறண்டு இரண்டு மடங்காக அரிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், 10 நிமிடம் போதும். காரமான சோப்பும் நாரும் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் தடவுங்கள். தினம் இரண்டு வேளை இதைச் செய்தாலே செதிலும் வெடிப்பும் கணிசமாகக் குறையும். செலவு மிகக் குறைவு.

தலையில் செதில் இருந்தால் சீப்பாலோ நகத்தாலோ சுரண்டாதீர்கள். இரவில் எண்ணெய் தடவி ஊறவிட்டு, காலையில் மருத்துவர் சொன்ன ஷாம்பு போட்டால் மெதுவாகக் கழன்று வரும்.

வெயில் சொரியாசிஸுக்கு நல்லது என்பது உண்மைதான். இஸ்ரேல், ஜோர்டான் எல்லையில் உள்ள சாக்கடலுக்கு இதற்காகவே பல நாட்டு நோயாளிகள் போகிறார்கள். அந்த இடம் கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. கூடுதலான காற்றடுக்கு வெயிலின் எரிக்கும் தன்மையை வடிகட்டிவிடுவதால் அங்கே நெடுநேரம் வெயிலில் இருக்க முடிகிறது. நம் ஊரில் அந்த வடிகட்டி கிடையாது. உச்சி வெயிலில் நின்று தோல் கருகினால் அந்தக் காயத்திலேயே புதுப் படை கிளம்பும். ஏற்கெனவே வயல் வேலை செய்பவருக்குத் தனியாக வெயில் தேவையில்லை. வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, 5 நிமிடத்தில் ஆரம்பித்து மெல்லக் கூட்டலாம். தோல் சிவந்து எரிந்தால் அதிகம் என்று பொருள். அதேபோல "சாக்கடல் உப்பு மாதிரிதான்" என்று மரக்காணம் உப்பை எடுத்துப் படையில் தேய்ப்பதும் வேண்டாம், தேய்ப்பதே காயம்.

வெயிலின் பயன்படும் பகுதியை மட்டும் அளவோடு தரும் ஒளிச் சிகிச்சை இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்று சில மாதம் போக வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் இதைப் பற்றிக் கேளுங்கள்.

மனசும் தூக்கமும்

கடன் தவணை, மகள் கல்யாணம், பரீட்சை என்று மனசு அலைபாயும் காலத்தில் படை கிளம்புவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். படை கிளம்பினால் கவலை கூடும், கவலையால் படை இன்னும் கூடும். இந்தச் சுழலை உடைக்க தினம் 30 நிமிட நடை, 7 மணி நேரத் தூக்கம், படுக்கும் முன் போனை ஒதுக்கி வைப்பது, மூச்சுப் பயிற்சி ஆகியவை உதவும்.

"நாலு பேர் முகத்துல முழிக்கவே பிடிக்கல" என்ற அளவுக்கு மனசு சோர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். தோல் நோய்க்கு மனநல உதவியா என்று யோசிக்க வேண்டாம், இதுவும் சிகிச்சையில் ஒரு பங்குதான்.

சித்த மருத்துவமும் வெட்பாலைத் தைலமும்

சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படைக்கு அதிகம் பயன்படுவது வெட்பாலை. இதன் இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஞ்சிவப்பு கலந்த ஊதா நிறமாக மாறும். அதுதான் வெட்பாலைத் தைலம். மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பு இந்த இலையை வைத்தே '777 எண்ணெய்' என்ற மருந்தை உருவாக்கியது.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குடசப்பாலை என்று இன்னொரு மரம் இருக்கிறது. இரண்டையும் மாற்றிப் பறித்துவிடுவது சகஜம். அரசு சித்த மருத்துவப் பிரிவில் மருத்துவரைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. அரசு சித்த மருத்துவமனைகளுக்குத் தமிழக அரசின் டாம்ப்கால் நிறுவனம் மருந்து தயாரித்து வழங்குகிறது. தனியார் தயாரிப்பை வாங்கினால் உரிம எண், தொகுதி எண், காலாவதி தேதி மூன்றும் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

"இயற்கை" என்ற பெயரில் வரும் ஆபத்து

பெயரே ஒட்டாத டப்பாவில் ஒரு களிம்பு. "முழுக்க மூலிகை, பக்க விளைவே இல்லை" என்கிறார்கள். தடவிய மூன்றாம் நாளே படை மறைகிறது. அவ்வளவு வேகமாக மறைந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். உள்ளே வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். "ஒரே ஊசி, ஒரு வாரத்தில் சரியாகும்" என்பவரிடமும் இதே எச்சரிக்கை தேவை.

மருத்துவர் மேற்பார்வையில், அளவோடு போடும் ஸ்டீராய்டு களிம்பு நல்ல மருந்து. அளவு தெரியாமல் உடம்பெல்லாம் பூசி, ஊசியாகவும் போட்டு, திடீரென்று நிறுத்தினால் சொரியாசிஸ் முன்பைவிடப் பல மடங்கு வேகத்தில் திரும்பும். உடம்பு முழுக்கச் சிவந்து உரியலாம், சீழ்க் கொப்புளங்கள் வரலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது இதனால்தான்.

வீட்டு வைத்தியத்திலும் கவனம் தேவை. பூண்டை அரைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்பளிக்கும். கார்போக அரிசியைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தீக்காயம் போல ஆகும்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு

படை அதிகமாக இருந்தால் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை தருவார்கள். சொரியாசிஸுக்கு இதை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று முடிவு செய்து, காலண்டரில் வட்டமிட்டு, போனில் அலாரம் வையுங்கள். அப்பா அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் கணவன், மனைவி இருவரில் யார் சாப்பிட்டாலும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனைத் தேதியையும் தவறவிடாதீர்கள்.

வல்லம் பக்கத்தில் இருப்பவர்கள் எங்கே போகலாம்?

* முதல் படி: பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். பல நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவும் இருக்கும். அடுத்து செஞ்சி, திண்டிவனம் அரசு மருத்துவமனைகள்.
* தோல் சிறப்பு மருத்துவர்: முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ரயிலில் வருபவர்களுக்கு முண்டியம்பாக்கத்திலேயே நிலையம் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் தோல் பிரிவு உண்டு.
* சித்த மருத்துவம்: தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம். திண்டிவனத்திலிருந்து ரயிலில் தாம்பரம் போய், அடுத்த புறநகர் நிறுத்தத்தில் இறங்கலாம். சென்னை அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும் இருக்கிறது.
* வீட்டிலிருந்தபடியே: இ-சஞ்சீவனி செயலியில் மருத்துவரிடம் வீடியோவில் பேசலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.

இன்னொரு விஷயம். சொரியாசிஸ் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் உங்கள் தெருவுக்கு வரும்போது, "எனக்கும் பிரஷர், சுகர் பாருங்கம்மா" என்று கேட்டு வாங்குங்கள்.

போனையே பதிவேடு ஆக்குங்கள்

மருத்துவரிடம் போனதும் "எப்ப கூடுச்சு, எப்ப குறைஞ்சுது?" என்று கேட்பார். நமக்கு ஞாபகம் இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரே படையை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். கீழே ஒரு வரி எழுதுங்கள்: எடை, தூக்கம், அந்த வாரம் நடந்த முக்கிய விஷயம், புதுசாகச் சாப்பிட்டது. மருந்துச் சீட்டையும் களிம்பு அட்டையையும் போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று மாதத்தில் எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்பது உங்களுக்கே தெரியும். எந்த வீடியோவும் சொல்ல முடியாத விவரம் அது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

* காலையில் எழுந்ததும் மூட்டு இறுக்கம் 30 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, ஒரு விரல் முழுசாக வீங்குவது, குதிகால் வலி. சொரியாசிஸ் மூட்டுக்குப் போகிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும். சில வாரங்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள்.
* உடம்பின் பெரும்பகுதி சிவந்து உரிவது, சீழ்க் கொப்புளம், கூடவே காய்ச்சல், குளிர் நடுக்கம். அன்றைக்கே மருத்துவமனை. 108-ஐ அழையுங்கள்.
* கர்ப்ப காலத்தில் புதிதாகப் பரவுவது, அல்லது சிறு பிள்ளைகளுக்குத் திடீரென்று உடம்பெல்லாம் வருவது.

சொரியாசிஸை அடியோடு அழிக்கும் மருந்து இன்று வரை எந்த மருத்துவத்திலும் இல்லை. ஆனால் அடக்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை வளர்க்கலாம். இந்த வாரம் மூன்றே வேலை செய்யுங்கள். இரண்டு டீயைக் குறையுங்கள், தினம் இரண்டு வேளை எண்ணெய் தடவுங்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நாள் போய்த் தோலைக் காட்டுங்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் இந்த நோய் இல்லை என்றால், இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுங்கள்.